கண்மாய்க் கருவிக்குப் பெயர்: "பாண்டியன்" வேண்டாம் தம்பி

மேலூர்ப் பக்கம் கண்மாயில் நீர்மட்டம் பார்த்து விவசாயிகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் சென்சாருக்கு "பாண்டியன்" என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மதுரையில் ரயில் முதல் ஓட்டல் வரை அந்தப் பெயர்தான். தேடினால் உங்கள் கருவி கண்ணில் படாது. அதைவிட, அந்தப் பெயர் கருவியின் வேலையைச் சொல்லவில்லை.

புளூடூத்தைப் பாருங்கள். 10ஆம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர் அது. பிரிந்து கிடந்த மக்களை அவர் ஒன்றாக்கினார், இது போனையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிறது. அந்தச் சின்னமே அவருடைய பெயரின் இரண்டு முதலெழுத்துகள், ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து வடிவில். 1975இல் ஏவிய நம் முதல் செயற்கைக்கோளுக்கு ஆரியபட்டா என்று வைத்ததும் அப்படித்தான்: வானைக் கணக்கிட்டவர் பெயர் வானுக்குப் போனது.

உங்களுக்கு நான் சொல்வது "குமிழி". பழைய கண்மாய்களில் கரையை விட்டு உள்ளே தள்ளி இரண்டு கல்தூண்கள் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அடியில் துளையிட்ட கல், அதை அடைக்க ஒரு கட்டை. கட்டையைத் தூக்கினால் நீர் துளையில் இறங்கி, கரைக்கு அடியிலுள்ள சுரங்கக் கால்வாய் வழியாக வயலுக்குப் போகும். அதுதான் குமிழித் தூம்பு. பாண்டி நாட்டில் அதைச் செய்து கொடுத்தவர்கள் தூணிலேயே கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் சென்சாரும் அதே நீரைத்தானே காக்கிறது!

பெயரை அச்சடிக்கும் முன், வேறு யாரும் அதைப் பதிந்திருக்கிறார்களா என்று வணிகமுத்திரைப் (டிரேட்மார்க்) பதிவேட்டின் இணையதளத்தில், இத்தகைய மின்னணுக் கருவிகள் வரும் 9ஆம் வகுப்பில் தேடிவிடுங்கள், காசு கிடையாது. பெட்டியில் தமிழ் எழுத்தையே பெரிதாகப் போடுங்கள்.