வாலுயீஜி தவிர என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்: ஸ்மாஷ் பிரதர்ஸ் கேள்வி பதில்

மாரியோ போன்ற நிண்டெண்டோ கேரக்டர்கள் மோதிக்கொள்ளும் சண்டை வீடியோ கேம் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ். அது உருவான கதை பற்றி வந்த கேள்விகளை, வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். யாரோ அனுப்பிய மங்கலான படத்தைக் காட்டி "இந்த கேரக்டர் வரப்போகுதாமே" என்று கேட்பவர்கள் மட்டும் மன்னிக்கவும்.

அண்ணா, முதலில் இந்த கேமில் நிண்டெண்டோ கேரக்டர்களே இல்லையாமே?

உண்மைதான். அதன் முதல் பெயர் 'ரியூஓ', அதாவது டிராகன் அரசன். ஜப்பானின் யமனாஷியில், இதை உருவாக்கிய ஹால் லேபரட்டரி நிறுவனத்தின் அலுவலகம் இருந்த இடத்தின் பெயரே ரியூஓதான். பின்னணிக்கும் அந்தப் பக்கத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தையே ஒட்டினார்கள். திட்டம், டிசைன், உருவ மாடல்கள் எல்லாம் ஹாலில் இருந்த மசாஹிரோ சகுராய். புரோகிராம் சதோரு இவாட்டா. இவாட்டா அப்போது ஹாலின் தலைவர். வாரம் முழுக்கத் தலைவர் வேலை, சனி ஞாயிறில் உட்கார்ந்து கோட் எழுதுவார்.

நான்கு பேர் மோதும் ஆட்டம் நன்றாகவே வந்துவிட்டது. ஆனால் சண்டை போட்டதெல்லாம் பெயரில்லாத உருவங்கள். வீட்டில் ஆடும் கேமுக்குப் பார்த்தவுடன் தெரிந்த முகம் வேண்டும் என்று சகுராய் நினைத்தார். அனுமதி கேட்காமலேயே மாரியோ, டாங்கி காங், சாமுஸ், ஃபாக்ஸ் நால்வரையும் உள்ளே போட்டு, ஆட்டம் சரியாக வந்த பிறகுதான் நிண்டெண்டோவிடம் காட்டினார். முதலில் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன! 1999 ஜனவரி 21 அன்று ஜப்பானில் 12 கேரக்டர்களோடு வெளிவந்தது.

மற்ற சண்டை கேம்களில் உயிர்க்கோடு குறையும். இதில் மட்டும் ஏன் சதவீதம் ஏறுகிறது?

இதற்குப் பின்னால் ஒரு குற்ற உணர்ச்சி இருக்கிறது. சகுராய் ஒருநாள் ஆர்கேடில் 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95' ஆடி, எதிரே இருந்தவரை காம்போ (இடைவிடாத தொடர் அடி) மேல் காம்போவாக அடித்து நொறுக்கினார். முடிந்ததும் பார்த்தால், அந்தப் பக்கம் இருந்தது புதிதாக ஆட வந்த ஓர் இளம் ஜோடி. அவருக்கு மனசு சரியில்லாமல் போனது. மனப்பாடம் செய்த காம்போ இல்லாதவனும் ஆடக்கூடிய ஒன்றை யோசிக்கத் தொடங்கினார்.

சதவீதம் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். இதில் எதிரியை மேடைக்கு வெளியே பறக்கவிட்டால்தான் வெற்றி. அடி வாங்க வாங்க அதே குத்துக்கு இன்னும் தூரம் பறப்பீர்கள். போன முறை விழுந்த இடத்தில் இந்த முறை விழமாட்டீர்கள். ஆகவே அடிப்பவனும் ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டும். மேடையின் விளிம்பில் தொங்கி மேலே வரவும் வழி உண்டு.

மாரியோ கேம்களில் வரும் வாலுயீஜியை வைத்து ஏன் ஆட முடியவில்லை?

அசிஸ்ட் டிராஃபியாக, அதாவது நடுவில் வந்து உதவிவிட்டுப் போகும் ஆளாக இருக்கிறார். அடுத்தது.

இரண்டாவது ஸ்மாஷ் கேமான மெலீயில் சோனிக் கேரக்டரைத் திறக்க முடியும் என்று சின்ன வயதில் ஒரு பத்திரிகையில் படித்தேன். பொய்யா?

ஏப்ரல் ஃபூல். எலக்ட்ரானிக் கேமிங் மந்த்லி 2002 ஏப்ரல் இதழில், குரூயல் மெலீ என்ற கடினமான ஆட்ட முறையில் 20 பேரை வீழ்த்தினால் சோனிக்கும் டெயில்ஸும் வருவார்கள் என்று எழுதினார்கள். நம்பிக் கட்டைவிரல் வீங்கியவர்களில் நானும் ஒருவன். சோனிக் வந்தது 2008-ல், அடுத்த ஸ்மாஷ் கேமான பிராலில். மங்கலான படங்களைப் பற்றி நான் கத்துவது இதனால்தான்.

மெலீயில் தரையில் வழுக்கிப் போகும் வேவ்டாஷ் உத்தி ஒரு பக், அதாவது புரோகிராம் பிழைதானே சார்?

இல்லை. குதித்த உடனே தரையை நோக்கிச் சாய்வாக ஏர்டாட்ஜ் (காற்றில் அடியைத் தவிர்க்கும் அசைவு) செய்தால், காற்றில் இருந்த வேகம் தரையில் வழுக்கலாக மாறுகிறது. இயற்பியல் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். இதை உருவாக்கும்போதே கவனித்தோம் என்று சகுராயே சொல்லியிருக்கிறார்.

தெரிந்தே விட்டார் என்றால், பிராலில் ஏன் எடுத்தார்? தப்பு என்று நினைத்ததால்தானே?

சகுராயைப் பொறுத்தவரை தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் இடைவெளி கூடக்கூடாது. அந்த ஆர்கேட் ஜோடியை மறந்துவிடாதீர்கள். ஆனால் ஓடத் தொடங்கும்போது தானாகத் தடுக்கி விழுவதையும் பிராலில் சேர்த்தாரே, அது அநியாயம். அடுத்த கேமிலேயே போய்விட்டது.

அப்படியானால் மெலீ சகுராயின் தோல்வி என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

விடமாட்டீர்கள் போல. மெலீ 13 மாதத்தில் முடிந்த வேலை. நிண்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்காக அதைச் செய்தபோது பிழைகள் தீராமல் திணறியபோது, அதற்குள் நிண்டெண்டோவுக்கு மாறியிருந்த இவாட்டா யமனாஷிக்குத் திரும்பி வந்து, மூன்று வாரம் போலக் கோடை வரிவரியாகப் படித்துச் சரி செய்தார். அப்படிப் பிறந்த கேமை 2013-ல் ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில் சேர்க்க ரசிகர்கள் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 94,000 டாலருக்கு மேல் நன்கொடை திரட்டினார்கள். படம் தாமதமாக வரக்கூடாது என்று இன்றும் பழைய பெட்டி டிவியைத் தூக்கிக்கொண்டு போட்டிக்குப் போகிறார்கள். தோற்பவனுக்காகச் செய்த ஆட்டத்தை ஜெயிப்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிராலை சகுராய்க்கே தெரியாமல் அறிவித்தார்களாமே?

ஆமாம். 2005-ல் ஈ3 என்ற கேம் கண்காட்சி மேடையில் புதிய ஸ்மாஷ் வரும் என்று இவாட்டா சொன்னபோது, 2003-லேயே ஹாலை விட்டுப் போயிருந்த சகுராய் பார்வையாளர்களில் ஒருவர். பிறகு இவாட்டா அவரை ஹோட்டல் அறைக்கு அழைத்துத்தான் பேசினார். ஒப்புக்கொள்ளாவிட்டால் மெலீயையே ஆன்லைன் வசதியோடு மறுபடி விடுவோம் என்றும் சொன்னாராம். கெஞ்சலா மிரட்டலா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

இரண்டு பேராக ஆடும் ஐஸ் கிளைம்பர்ஸ் ஏன் ஒரு கேமில் காணாமல் போனார்கள்?

அந்த கேம் வந்த 3டிஎஸ் கையடக்கக் கருவி தாங்கவில்லை.

வாலுயீஜிக்கு நியாயம் கிடைக்குமா? புது டிஎல்சி (பிறகு சேர்க்கும் கூடுதல் கேரக்டர்) படம் ஒன்று வந்திருக்கிறது.

ஒரே கேள்வியில் இரண்டு குற்றம். பிராலுக்குப் பின் வந்த அல்டிமேட் என்ற ஸ்மாஷ் கேமில் சேர்த்த கடைசி ஆள் சோரா, 2021 அக்டோபர் 18. அதோடு கதவு சாத்தியாயிற்று.

கம்ப்யூட்டரில் எங்கே டவுன்லோட் செய்வது?

வேறு யாரிடமாவது கேளுங்கள்.

வேவ்டாஷ் கேட்டவன்தான் சார். கடைசியாக ஒன்று. மெலீயில் நீங்கள் யாரை வைத்து ஆடுவீர்கள்?

ஜிக்லிபஃப். எப்போதும் காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கலாம். எனக்கு வேவ்டாஷ் வராது.