ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கும்போது கேட்லாக் எதற்கு?

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு வாசகசாலை நடத்துகிறோம். சுமார் 1,200 புத்தகங்கள். எல்லாம் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கிறது. வருகிறவர்கள் ‘கேட்லாக் இல்லையா?’ என்கிறார்கள். கேட்லாக் என்றால் என்ன? ரிஜிஸ்டர் போதாதா?

பதில்: போதாது. ரிஜிஸ்டர் என்பது புத்தகம் வந்து சேர்ந்த வரிசை. எப்போது வந்தது, யார் கொடுத்தார்கள், என்ன விலை என்று கணக்குப் பார்க்க அது வேண்டும். ஆனால் ‘கவிமணி பாட்டுப் புத்தகம் இருக்கா?’ என்று ஒரு பிள்ளை வந்து கேட்டால், பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். ஆசிரியர், தலைப்பு, பொருள் என்று எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் புத்தகம் இருக்கிறதா, எந்த அலமாரியில் என்று சொல்லிவிடுவது கேட்லாக். ‘படிப்பவர் நேரத்தைச் சேமி’ என்று 1931-ல் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் விதியாகவே எழுதிவைத்தார்.

டைல்ஸ் கடையில் புரட்டிக் காட்டுவதும் கேட்லாக்தான். அங்கே படமும் மாடல் நம்பரும் இருக்கும். விலை மட்டும் என்றால் அது விலைப்பட்டியல். சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாகச் சொல்வது என்று பொருள். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் நம்மிடம் வந்திருக்கிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்து நூல்களுக்குக் கல்லிமாக்கஸ் என்ற கிரேக்கக் கவிஞர் போட்ட பட்டியலே 120 சுருள் என்பார்கள். உங்களுக்கு அவ்வளவு பாடு இல்லை.

புத்தகத்துக்கு ஒரு அட்டை எழுதிப் பெட்டியில் அடுக்கும் பழைய முறை வேண்டாம், கம்ப்யூட்டரில் ஒரு எக்செல் தாள் போதும். புத்தகத்துக்கு ஒரு வரி: ரிஜிஸ்டர் எண், ஆசிரியர், தலைப்பு, மொழி, பொருள், அலமாரி. யூனிகோடில் அடியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தால் போனில் தேடும்போது ஒன்றும் கிடைக்காது.

நிஜமான தலைவலி பெயர்கள்தான். தலைப்பெழுத்தை முன்னால் போட்டால் பாதிப் பேர் ‘எஸ்’ஸுக்குக் கீழே போய்விடுவார்கள். பெயரை முதலில் எழுதி, தலைப்பெழுத்தைப் பின்னால் வையுங்கள்: ‘தேசிகவிநாயகம் பிள்ளை, சி.’ என்று. ஆனால் நம் குமரி மாவட்டத்தில் அவரைக் கவிமணி என்றுதான் தேடுவார்கள். அதனால் ‘கவிமணி: தேசிகவிநாயகம் பிள்ளை பார்க்க’ என்று தனியாக ஒரு வரி சேருங்கள். நாகர்கோவில் சுந்தர ராமசாமி கவிதைகளைப் பசுவய்யா என்ற பெயரில் எழுதினார். அங்கேயும் இதே வழி. இந்த ‘பார்க்க’ வரிகளில் சோம்பல்பட்டால் கேட்லாக் அரைகுறைதான்.

1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்கள் என்பதால் உங்களிடம் மலையாளப் புத்தகங்களும் இருக்கலாம். அவற்றுக்குத் தனிப் பட்டியல் போடாதீர்கள். தலைப்பைத் தமிழ் எழுத்திலும் எழுதி, மொழி என்ற இடத்தில் மலையாளம் என்று குறித்தால் சரி. டூயி எண், அதாவது நூலகங்களில் பொருள்வாரியாகப் புத்தகத்துக்குக் கொடுக்கும் எண், போடச் சொல்லி யாராவது வற்புறுத்துவார்கள். தமிழ் இலக்கியத்துக்கு 894.811, மலையாளத்துக்கு 894.812. இத்தனை புத்தகத்துக்கு நாவல், கவிதை, வரலாறு, சிறுவர் என்று பிரித்தாலே தாராளம் என்பது என் எண்ணம்.

புத்தகம் தொலைந்தால் கேட்லாக்கிலிருந்து வரியை எடுத்துவிடுங்கள். ரிஜிஸ்டரில் கோடு போட்டு அடிக்க வேண்டாம். தேதி போட்டு ‘காணவில்லை’ என்று எழுதுங்கள். அந்த எண்ணை வேறு புத்தகத்துக்குக் கொடுக்கக் கூடாது.