ஜூனில் இலை போடாத விவசாயியின் பெயர் எங்கே போனது?

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "உறுப்பினர் டேபிளையும் இலை எடை டேபிளையும் ஜாயின் செய்து (உறுப்பினர் எண்ணை வைத்து இணைத்து) மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஜூன் ரிப்போர்ட் எடுத்தால் சில விவசாயிகளின் பெயரே வருவதில்லை. லெஃப்ட் ஜாயின் போட்டும் வரவில்லை. ஏன்?"

101, 102, 103 என்ற உறுப்பினர் எண் கொண்ட மூன்று பேரை வைத்துப் பார்ப்போம். 101 இரண்டு முறை இலை போட்டார், 40 கிலோ, 35 கிலோ. 102 ஒரு முறை, 28 கிலோ. 103 தோட்டத்தைக் கவாத்து வெட்டியிருக்கிறார், அதனால் இலையே இல்லை. இன்னர் ஜாயின் இரண்டு டேபிளிலும் ஜோடி உள்ளதை மட்டும்தான் தரும், ஆக 3 வரிசை வரும், 103 வரவே மாட்டார். லெஃப்ட் ஜாயின் இடப்பக்க டேபிளில் யாரையும் விடாது. 103-க்கும் ஒரு வரிசை வரும், எடை இருக்க வேண்டிய இடத்தில் 'நல்' (NULL, மதிப்பே இல்லை என்ற குறி) இருக்கும்.

சரி, உங்களுக்கு ஏன் வரவில்லை? அநேகமாக ஜூன் தேதி நிபந்தனையை, வரிசைகளை வடிகட்டும் 'வேர்' (WHERE) பகுதியில் எழுதியிருப்பீர்கள். 103-இன் தேதியும் 'நல்', அதை எந்தத் தேதியோடு ஒப்பிட்டாலும் உண்மை என்று பதில் வராது, அதனால் லெஃப்ட் ஜாயின் காப்பாற்றிக் கொடுத்த வரிசையை 'வேர்' தூக்கி எறிந்துவிடுகிறது. அந்த நிபந்தனையை அப்படியே, எதை எதோடு சேர்ப்பது என்று சொல்லும் 'ஆன்' (ON) பகுதிக்கு மாற்றுங்கள், பெயர் வந்துவிடும்.

ரைட் ஜாயின் என்பது டேபிள்களை இடம் மாற்றிப் போட்ட லெஃப்ட் ஜாயின்தான். எனக்கு அது தேவைப்படுவதே இல்லை. உறுப்பினர் எண்ணைத் தப்பாக அடித்த இலைப் பதிவுகளும் சேர்ந்து தெரிய வேண்டும் என்றால்தான் இரண்டு பக்கத்திலும் எதையும் விடாத ஃபுல் ஜாயின். மைஎஸ்க்யூஎல்லில் அது கிடையாது, லெஃப்ட்டையும் ரைட்டையும் 'யூனியன்' போட்டுச் சேர்க்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பணப் பட்டுவாடாவில் கைவைக்கும். அடுத்து முன்பண டேபிளையும் இதே க்யூரியில் சேர்ப்பீர்கள். 101 இரண்டு முறை முன்பணம் வாங்கியிருந்தால் 2 இலை வரிசையும் 2 முன்பண வரிசையும் பெருகி 4 ஆகும், 75 கிலோ 150 என்று காட்டும், முன்பணமும் இரட்டிப்பாகும், எரர் எதுவும் வராது. ஒரே மாதிரி மதிப்புகளை ஒருமுறை மட்டும் எடுக்கும் 'டிஸ்டிங்க்ட்' (DISTINCT) போட்டுச் சமாளிக்காதீர்கள், ஒரே எடை இரண்டு நாள் வந்தால் அதில் ஒன்று கூட்டலில் விட்டுப்போகும். இலையை உறுப்பினர்வாரியாக 'குரூப் பை' செய்து முதலில் கூட்டுங்கள், முன்பணத்தையும் அதே மாதிரி தனியாகக் கூட்டுங்கள், அப்புறம் அந்த இரண்டு கூட்டலையும் உறுப்பினர் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள்.