ஆஸ்திரேலியாவில் குடும்பத்தோடு மூன்று வாரம் கேரவன் பயணம் போகிறோம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர். துணி துவைப்பதை எப்படிச் சமாளிப்பது? கேரவனுக்குள் வாஷிங் மெஷின் அவசியமா?

மூன்று வாரம், நான்கு பேர் என்றால் மெஷின் வேண்டாம். கேரவனில் மாட்டும் 3 கிலோ மெஷின் 20 கிலோ எடையை ஒட்டி வரும். ஒருமுறை துவைத்து அலச 40 முதல் 60 லிட்டர் தண்ணீர் இழுக்கும். கேரவனில் இருப்பதே 80, 95 லிட்டர் தொட்டி ஒன்றோ இரண்டோதான். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதிலிருந்துதான். கேரவன்களை நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க்கில் குழாய் இணைப்பு கிடைக்கும், உண்மைதான். ஆனால் அங்கேயே 7, 8 கிலோ மெஷின்கள் வரிசையாக நிற்கும்போது இந்தப் பொம்மை எதற்கு? பார்க்குக்கு வெளியே மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கும், துணி டயப்பர் கட்டும் குழந்தை உள்ளவர்களுக்கும் அது உதவும்.

துவைப்பது அரை மணி நேர வேலை. திட்டத்தைக் கெடுப்பது காயப்போடுவது. அதனால் மெஷின் எந்த ஊரில் இருக்கிறது என்று தேடாமல், எந்த ஊரில் இரண்டு இரவு தங்குகிறீர்கள் என்று பார்த்து அங்கே துவையுங்கள். ஒரே இரவு தங்கும் இடத்தில் மாலையில் துவைத்தால், மறுநாள் காலை 10 மணிக்கு இடத்தைக் காலி செய்யும்போது துணி ஈரமாகவே இருக்கும். மூடிய கேரவனில், வெயிலில், ஈரத்துணி நான்கு மணி நேரம் கிடந்தால் முடை நாற்றம் பிடித்துவிடும். திரும்பத் துவைக்க வேண்டியதுதான். வந்திறங்கிய மாலையில் எல்லோரும் துணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மறுநாள் காலை 7 மணிக்குப் போனால் மெஷினும் காலியாக இருக்கும், கொடியும் காலியாக இருக்கும்.

ஆளுக்கு ஐந்து நாள் உடுப்பு, ஏழு நாள் உள்ளாடை போதும். ஜீன்ஸ், தடித்த டர்க்கி டவல் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காய்வதற்கு அதிக நேரம் பிடிப்பவை அவைதான். மைக்ரோஃபைபர் துவாலை உடம்பில் பட்டால் சிலருக்குப் பிடிக்காது. நம்மூர் ஈரிழைத் துண்டு அதைவிட மேல், காற்றிருந்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

பார்க் மெஷினுக்கு 1 டாலர், 2 டாலர் நாணயங்கள் வேண்டும். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 டாலர். இப்போது கார்டு எடுக்கும் மெஷின்களும் உண்டு, ஆனால் சிற்றூர்களில் நம்ப வேண்டாம். ஒரு டப்பாவில் நாணயம் சேர்த்துக்கொண்டே வாருங்கள். துணி போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். முன்னால் துவைத்தவரின் கடற்கரை மணல் அடியில் கிடக்கும். குளிர்ந்த நீரில் சோப்புத்தூள் சரியாகக் கரையாமல் கருப்புத் துணியில் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக ஒட்டும், ஆகவே லிக்விட் எடுத்துச் செல்லுங்கள். மெஷின் முடியும் நேரத்துக்கு போனில் அலாரம் வைக்காவிட்டால், அடுத்தவர் உங்கள் துணியை எடுத்து மேடைமேல் குவித்திருப்பார். அவர்மேல் குற்றமில்லை.

பார்க் இல்லாத இடங்களுக்கு மூடி போட்ட வாளிதான் வழி. 20 லிட்டர் வாளியில் 8 லிட்டர் தண்ணீர், இரண்டு கிலோவுக்கு மிகாமல் துணி, ஒரு மேசைக்கரண்டி லிக்விட். வாளியை நிறைத்தால் துணி புரளாது. மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். மூடியை இறுக்கி, கேரவனின் ஷவர் அறைத் தரையில் வாரால் கட்டிவிடுங்கள். வண்டியின் குலுக்கலே துவைத்துவிடும். தார் ரோட்டில் இரண்டு மணி நேரம், மேடுபள்ள மண் ரோட்டில் ஒரு மணி நேரம். மதிய நிறுத்தத்தில் அழுக்குத் தண்ணீரை மாற்றி, நல்ல தண்ணீரில் இருமுறை அலசுங்கள். நுரை குறைந்த, ஃப்ரண்ட் லோடருக்கான லிக்விட்டாக இருந்தால் ஒரே அலசல் போதும், தண்ணீர் மிச்சம். வெயிலில் வாளிக்குள் காற்று விரிந்திருக்கும், மூடியை மெதுவாகத் திறக்கவும். சோப்புத் தண்ணீரை ஓடை, ஏரியிலிருந்து 100 மீட்டராவது தள்ளிக் கொட்டுங்கள். தரையில் கொட்டவே கூடாது என்று சொல்லும் முகாம்களும் உண்டு. அங்கே கழிவுநீர்த் தொட்டியில் பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

நாட்டின் உட்பகுதியில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர்தான். ஒரு பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரைக்குப் பதில் வெள்ளைத் திரிதிரியாக வந்தால் உப்புத் தண்ணீர். லிக்விட்டைக் கொஞ்சம் கூட்டி, கடைசி அலசலில் அரை கப் வினிகர் விடுங்கள். ப்ளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

கறைகளில் ஏமாற்றுவது சன்ஸ்கிரீன். அதிலுள்ள அவோபென்சோன் என்ற வேதிப்பொருள் தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்து காலரில் துரு நிறத்தில் படியும். போர் தண்ணீரில் இது அதிகம். அழுக்கென்று நினைத்து ப்ளீச் போட்டால் இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி ஊறவிட்டு அலசுங்கள். செம்மண்ணின் சிவப்பும் இரும்புதான், அதற்கும் ப்ளீச் ஆகாது. ஈரமாக்குமுன் நன்றாக உதறினாலே பாதி போய்விடும். சாம்பார் கறை சோப்புப் பட்டதும் சிவந்து பயமுறுத்தும். அது மஞ்சளின் குணம். துவைத்து நேர் வெயிலில் போட்டால் ஒன்றிரண்டு நாளில் மங்கிவிடும்.

வடக்கில் மே முதல் அக்டோபர் வரை துணி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காயும். ஜூலை குளிரில் விக்டோரியாவிலோ டாஸ்மேனியாவிலோ கொடியை நம்பாதீர்கள், ட்ரையருக்கும் காசு ஒதுக்குங்கள். மெஷின் நிறையத் துவைத்த பருத்தித் துணி ட்ரையரில் ஒரே தடவையில் காயாது. இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். கேரவனின் பக்கவாட்டில் விரியும் நிழல் பந்தலான ஆனிங்கின் கைகளில் கொடி கட்டி ஈர ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டால் கை வளையும். கேரவனுக்குள் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துத் துணி காயவைப்பது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடு. சமையல் எண்ணெய் துடைத்த துணியை ட்ரையரில் போடவே போடாதீர்கள். துவைத்த பிறகும் அதில் எண்ணெய் தங்கும். சூட்டோடு எடுத்துக் குவித்து வைத்தால் தானாகத் தீப்பிடிக்கக்கூடும்.