நகையை இப்போதைக்கு அடகு வைக்க வேண்டாம்

மன்னார்குடி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பி.சி.ஏ. முடித்த பையனுக்கு தஞ்சாவூரில் ஒரு கடையில் சின்ன ஸ்டோரேஜ் பெட்டிகளை, அதாவது கணினித் தகவலைச் சேமித்து வைக்கும் டிஸ்க் பெட்டிகளை, மாட்டிக் கொடுக்கும் வேலை வந்திருக்கிறது. சென்னையில் பெரிய கம்பெனி ஸ்டோரேஜுக்கு ஒரு கோர்ஸ் இருக்கிறது, அதற்கு நகையை வைக்க வேண்டும். "கடையில் பெட்டி தூக்கவா படிக்க வைத்தோம்" என்கிறாராம் அவன் அப்பா.

அவருக்கு ஒரு பழைய கதை சொல்லுங்கள். 1990-இல் இ.எம்.சி. என்ற கம்பெனி சிமெட்ரிக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பெரிய கணினிகளுக்கு ஐ.பி.எம். விற்ற பெரிய டிஸ்க்குகளுக்குப் பதிலாக, சின்ன டிஸ்க்குகளை வரிசையாகக் கோத்த பெட்டி அது. சில வருடங்களிலேயே அந்தச் சந்தையில் ஐ.பி.எம்.மை முந்தியது, விலை உயர்ந்த ஸ்டோரேஜ் என்றாலே இ.எம்.சி. என்று ஆனது. அப்புறம் 2016-இல் அதையே வாங்கிப் போட்டது யார்? சல்லிசான கணினி விற்று வளர்ந்த டெல். இந்தத் தொழிலில் கீழ்த்தட்டில் நுழைகிறவன்தான் மேலே ஏறி வருகிறான்.

அதற்காக மேல்தட்டு செத்துவிடவில்லை. வங்கிக் கணக்கு ஒரு நிமிடம் நிற்கக் கூடாது. ஒரு ஊரில் எழுதியது அதே நொடியில் இன்னொரு ஊரிலும் பதிய வேண்டும். நடுராத்திரியில் பழுதானாலும் ஆள் வர வேண்டும். அதற்குத்தான் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட பெட்டியைக் கோர்ஸ் சான்றிதழை மட்டும் நம்பிப் புதுப் பையன் கையில் தர மாட்டார்கள்.

போன தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். மேசைக்கு அடியில், யூ.பி.எஸ். பக்கத்தில், நாலு டிஸ்க் பெட்டி. ஒன்றில் சிவப்பு விளக்கு. பெட்டி விற்ற கடையிலிருந்து வந்த பையன் பெட்டியை அணைக்காமலே அந்த டிஸ்க்கை உருவிப் புதியதைச் செருகினான். ரீபில்ட், அதாவது போன தகவலைப் புது டிஸ்க்கில் திரும்ப எழுதுவது, முடிய விடிந்துவிடும் என்றான். ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்கும் ரெய்டு 5 என்ற ஏற்பாடு என்பதால், அதற்குள் இன்னொரு டிஸ்க் போனால் அந்த முகூர்த்தக் கல்யாணம் அத்தனையும் போச்சு. "வேற எங்கயாவது காப்பி இருக்காண்ணே?" என்று கேட்டான். ஸ்டுடியோ முதலாளியிடம் பதில் இல்லை. வங்கியிலும் இதே கேள்விதான் அம்மா, பெட்டிதான் பெரிது.

ஆகவே கடைக்கே போகட்டும், ஒரு வருடம். ஆனால் முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள்: மாட்டுகிற இடத்துக்குக் கூட்டிப்போவாரா, கல்லாவில் உட்கார்ந்து பென் டிரைவ் விற்கச் சொல்வாரா? இரண்டாவது என்றால் வேண்டாம். ராத்திரியில் லினக்ஸும் நெட்வொர்க்கிங்கும் படிக்கட்டும். பழைய கணினி ஒன்றில் மூன்று டிஸ்க்கைப் போட்டு, கணினியையே ஸ்டோரேஜ் பெட்டியாக்கும், இலவசமாகக் கிடைக்கும் ட்ரூநாஸ் என்ற மென்பொருளை ஏற்றி, வேண்டுமென்றே ஒன்றைப் பிடுங்கி மீட்டுப் பார்க்கட்டும். எந்தக் கம்பெனி பெட்டியானாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய இதுதான். அப்புறம் பெங்களூருக்குப் போனால் டெல், ஸ்டோரேஜ் கம்பெனியான நெட்ஆப் இரண்டுக்குமே அங்கே அலுவலகம் இருக்கிறது.

அந்தச் சென்னை ஆட்கள் மறுபடி போன் செய்தால், "உங்களிடம் நிஜப் பெட்டி இருக்கிறதா, பையன் டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்கலாமா" என்று கேளுங்கள். திரையில் காட்டுவோம் என்றால் போனை வைத்துவிடுங்கள். நடவுச் செலவுக்கே பணம் புரட்ட வேண்டிய நேரம் இது. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.