கிராக்கோவ் யூதப் பண்பாட்டுத் திருவிழா: கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில்

போலந்தில் கிராக்கோவ் நகரத்தில் கோடைதோறும் நடக்கிற யூதப் பண்பாட்டுத் திருவிழாவுக்கு நான் மூன்று முறை போய்வந்தவள் என்று தெரிந்ததும் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்ததால் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா, இதை நடத்துவது யூதர்கள்தானே?

தொடங்கியவர்கள் யூதர்கள் இல்லை. யானுஷ் மாகுக், கிஷிஷ்டோஃப் கியெராட் என்ற இரண்டு போலந்து இளைஞர்கள் 1988இல் ஆரம்பித்தார்கள். அப்போது அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி. யூதர்களைப் பற்றிப் பொதுவெளியில் பேசுவதே அபூர்வம். மாகுக் பிறந்தது புவாவி என்ற சிற்றூர். இரண்டாம் உலகப் போருக்கு முன் தன் ஊரில் பாதிப்பேர் யூதர்கள் என்பதே அவருக்குச் சிறுவயதில் ஒரு பெரியவர் சொல்லித்தான் தெரிந்ததாம். பள்ளிக்கூடத்தில் யாரும் மூச்சுவிடவில்லை. அந்த அதிர்ச்சிதான் பிற்பாடு திருவிழாவானது.

யூதர்களே இல்லாத ஊரில் யூத விழா என்றால் பொம்மைக் கொலு மாதிரி ஆகிவிடாதா, மேடம்?

இந்தக் கேள்வியை அங்கேயும் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். போருக்கு முன் கிராக்கோவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். ஊரில் ஏறக்குறைய நாலில் ஒருவர். நாஜிகள் 1941இல் ஆற்றுக்கு அந்தப்பக்கம் போட்கூஷே பகுதியில் சுவர் எழுப்பி அவர்களை அடைத்தார்கள். கெட்டோ என்பது அந்த அடைப்புக் குடியிருப்புதான். 1943 மார்ச்சில் அதையும் காலி செய்து, இருந்தவர்களைக் கொன்றார்கள் அல்லது முகாம்களுக்கு அனுப்பினார்கள். பிழைத்து வந்தவர்களிலும் பலர் 1968இல் அரசே கிளப்பிவிட்ட யூத வெறுப்புக்குப் பிறகு நாட்டை விட்டுப் போய்விட்டார்கள்.

ஆகவே பார்வையாளர்களில் பெரும்பாலோர் யூதர் அல்லாத போலந்துக்காரர்கள்தான். ஆனால் மேடையில் இருப்பவர்கள் நியூயார்க்கிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் வரும், இன்றைக்கு உயிரோடு இயங்குகிற கலைஞர்கள். நினைவஞ்சலிக் கூட்டம் மாதிரி அவர்கள் வாசிப்பதில்லை. 2008இல் அங்கே யூத சமுதாய மையம் ஒன்று திறந்தார்கள். பாட்டி சாகும்போதுதான் தன் வேர் தெரிந்தது என்று சொல்லும் இளைஞர்களை அங்கே பார்க்கலாம். கொலு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பொம்மை என்றதும் ஞாபகம் வருகிறது. கையில் காசு வைத்திருக்கும் யூதர் உருவம் கடைகளில் விற்பார்கள். வீட்டில் வைத்தால் பணம் சேருமாம். அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். பழைய வெறுப்பின் மிச்சம் அது.

கிளெஸ்மர் என்கிறார்களே, அது என்ன இசை?

நம்ம ஊர்க் கல்யாண மேளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், முக்கால்வாசி புரிந்துவிடும். கிழக்கு ஐரோப்பிய யூதக் கல்யாணங்களில் பரம்பரையாக வாசித்த குடும்பங்களின் இசை. முன்பு வயலின்தான் தலைமை. பிறகு கிளாரினெட் அந்த இடத்தைப் பிடித்தது. கூடவே சிறு கோல்களால் தட்டி வாசிக்கும் சிம்பல் என்ற தந்தி வாத்தியம், நம்ம சந்தூருக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கிளாரினெட் விம்மும், சிரிக்கும், திடீரென்று கொக்கரிக்கும். அந்தக் காலத்தில் மணப்பெண்ணை அழவைப்பதற்கென்றே பாட்டுக் கட்டும் ஒருவரும் கல்யாணத்துக்கு வருவார். அவர் அழவைத்து முடித்ததும் ஆட்டம் தொடங்கும்.

கலீசியாவின் (இன்றைய தெற்குப் போலந்தும் மேற்கு உக்ரைனும் சேர்ந்த பழைய பகுதி) கடைசி கிளெஸ்மர் கலைஞர் என்று பெயர் வாங்கிய லியோபோல்ட் கோஸ்வோவ்ஸ்கி இந்த ஊரில்தான் வாழ்ந்தார். 1918இல் பிறந்து 2019இல் மறைந்தார்.

எந்த நிகழ்ச்சியைத் தவறவிடக் கூடாது?

1862இல் கட்டிய டெம்பெல் சினகாகில் (யூதர்களின் வழிபாட்டுக்கூடம்) நடக்கும் கச்சேரி. பொன்வேலை, வண்ணக் கண்ணாடி, மர மாடங்கள். உள்ளே புழுக்கம் தாங்காது, விசிறி கொண்டுபோங்கள். ஷெரோக்கா தெருவில் திறந்தவெளியில் நள்ளிரவு வரை நடந்த கட்டணமில்லாத கச்சேரிதான் பல ஆண்டுகள் விழாவின் முத்திரையாக இருந்தது. ஆனால் விழாவின் வடிவம் மாறிக்கொண்டே வருகிறது, அந்தந்த வருட நிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஜூன் கடைசியில் இருக்கும்.

பயிற்சி வகுப்புகளையும் விடாதீர்கள். காகிதம் வெட்டி உருவம் செய்வது, எபிரேய எழுத்து, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில் பாட்டு. பாட்டு வகுப்பில் மொர்தகாய் கெபிர்டிக் பெயர் கட்டாயம் வரும். 1877இல் இதே ஊரில் பிறந்த தச்சர். இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. குழலில் வாசித்துக் காட்டுவார், நண்பர்கள் எழுதிக்கொள்வார்கள். தாலாட்டும் உண்டு, தெருப்பாட்டும் உண்டு. 1942 ஜூன் 4 அன்று கெட்டோவில் சுட்டுக் கொன்றார்கள். நான் போன வகுப்பில் அவருடைய தாலாட்டு ஒன்றைக் கற்றுக்கொண்டேன். பாதி வரிகளுக்கு அர்த்தம் தெரியாது, இருந்தும் பாடமாகிவிட்டது.

நாங்கள் சுத்த சைவம். யூதச் சாப்பாடு ஒத்துவருமா?

கோஷர் என்ற யூத உணவு விதிப்படி இறைச்சியையும் பாலையும் கலக்கவே கூடாது. ஆகவே உண்மையான கோஷர் பால் உணவகத்தில் இறைச்சி இருக்காது. மீனும் முட்டையும் இருக்கலாம், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஷெரோக்காவில் மெழுகுவத்தி ஏற்றிவைத்திருக்கும் கடைகளில் பல 'யூதப் பாணி' மட்டுமே, கோஷர் கிடையாது. சோலெண்ட் என்ற கூட்டு பயறும் பார்லியுமாய் இரவெல்லாம் வெந்து மணக்கும். பெரும்பாலும் மாட்டிறைச்சி கிடக்கும். தெருவண்டியில் விற்கும் ஒப்வஜானெக் என்ற வளைய ரொட்டி கைகொடுக்கும். பேகலுக்கு அது உறவு. பேகல் என்ற சொல்லே 1610ஆம் ஆண்டின் கிராக்கோவ் யூத சமூக விதிகளில் வருகிறது.

சினகாகுக்குள் நாம் போகலாமா? ஏதாவது கட்டுப்பாடு உண்டா?

தாராளமாகப் போகலாம். ஆண்கள் தலையை மூட வேண்டும், வாசலிலேயே குல்லா கொடுப்பார்கள். வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இருட்டும் வரை ஓய்வுநாள். அப்போது ரெமூ சினகாகில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. ஜூனில் அங்கே சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகும், கணக்குப் போட்டு வையுங்கள். சினகாகை ஒட்டிய கல்லறையில் 1572இல் இறந்த ரபி (யூத மதகுரு) மோசே இசர்லெஸ் இருக்கிறார். பூ வைப்பது வழக்கமில்லை, சிறு கல் வைப்பார்கள். நாஜிகள் காலத்தில் உடைந்த கல்லறைக் கற்களின் துண்டுகளைச் சேர்த்து அங்கே ஒரு சுவர் கட்டியிருக்கிறார்கள். அதன் முன்னால் செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், சொல்லிவிட்டேன்.

காலையில் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம், மாலையில் கச்சேரி என்று போட்டால் ஒரு நாள் மிச்சமாகும்தானே அக்கா?

வேண்டாம்பா. தூரம் பிரச்சினையில்லை, எழுபது கிலோமீட்டருக்குள்தான். முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். சாயங்காலம் எல்லோரும் எழுந்து ஆடினார்கள். எனக்குக் கை தட்டக்கூட வரவில்லை, பாதியில் அறைக்குத் திரும்பிவிட்டேன். நடுவில் ஒரு நாள் விடுங்கள்.