மைக் செட்காரர் மகனுக்கு என்ன படிப்பு?

மன்னார்குடியிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு நாள் முழுக்க ஹெட்போனும் லேப்டாப்புமாக உட்கார்ந்திருக்கிறான் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். 'கவலைப்படாதீர்கள்' என்றுதான் பதிலை ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டுக்காக மூன்று மா நிலத்தை அடமானம் வைக்க மைத்துனர் ஆள் பார்த்துவிட்டார் என்ற வரியைப் படித்ததும் அதை அடித்துவிட்டேன். வைக்காதீர்கள். பிள்ளை கேட்காத படிப்புக்கு நிலம் போகக் கூடாது. "மைக் செட்காரன் மகன் மைக் செட்டிலேயே கிடக்கணுமா?" என்று கேட்கும் சொந்தக்காரர் யாரும் வட்டி கட்ட வரமாட்டார்.

வெண்ணெய்த்தாழித் திருவிழா அன்று அவன் பதிவு செய்த நாகஸ்வரத்தையும் அனுப்பி, "சவுண்டே பத்தலை, இதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பியிடம் போனில் பேசினேன். வேண்டுமென்றேதான் குறைத்து வைத்திருக்கிறான்.

மிக்சரில் சிவப்பு விளக்கு லேசாக மின்னினாலும் நீங்கள் ஓட்டிவிடுவீர்கள். டிஜிட்டலில் அப்படி ஓட்ட முடியாது. அங்கே பூஜ்யம் டெசிபல்தான் உச்சி, அதற்கு மேல் எழுத எண் கிடையாது. தவிலில் திடீரென்று விழும் அடி அதைத் தாண்டினால் கிளிப் ஆகிவிடும், அதாவது ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், பிறகு மீட்க முடியாது. அதனால் 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி பதிவு செய்திருக்கிறான். 24 பிட்டில் மெல்லிய ஒலிகளுக்குக் கீழே இடம் தாராளம். பிறகு ஏற்றிக்கொள்ளலாம், இரைச்சல் பெரிதாக வராது.

அடுத்து அவன் சொன்னதுதான் என்னை நிமிர வைத்தது. முதலில் பூஜ்யம் வரை ஏற்றி 128 கிலோபிட் எம்.பி.3 ஆக்கினானாம். திரும்ப விரித்துப் பார்த்தால் தவில் அடி விழுந்த இடமெல்லாம் அலையின் தலை, அறுத்த நெல் தாள் மாதிரி தட்டையாக நின்றது. எம்.பி.3, ஏ.ஏ.சி. போன்ற சுருக்கிய கோப்பு வகைகள் காதுக்கு எட்டாததைக் கழித்து, மீதியைத் தோராயப்படுத்திச் சேமிப்பவை. மறுபடி விரியும் அலை மூலத்தின் அச்சு நகலாக இருக்காது. சில உச்சிகள் கூடிவிடும். பிட்ரேட், அதாவது நொடிக்குச் சேமிக்கும் பிட் எண்ணிக்கை, குறையக் குறைய இந்தத் தொல்லை அதிகம். அதனால் மாற்றும் முன்பே ஒரு டெசிபல் இடம் விட்டான். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஒலி அளவு பற்றிய ஆர் 128 பரிந்துரையும் உச்சத்துக்கு மைனஸ் 1 டெசிபல் என்றுதான் வரம்பு வைக்கிறது. இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

இன்ஜினியரிங், நீட் பற்றி ஊரே சொல்லும், நான் வேண்டாம். சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே ஆடியோகிராஃபி, அதாவது ஒலிப்பதிவு, நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம். அரசு நிறுவனம் என்பதால் கட்டணத்துக்கு நிலம் விற்க வேண்டியதில்லை. இடங்கள் மிகக் குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன். கிடைக்காவிட்டால் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கட்டும். பட்டம் வாங்கிய பிறகு புனேவிலும் கொல்கத்தாவிலும் உள்ள மத்திய அரசுத் திரைப்பட நிறுவனங்களில் ஒலிப்பதிவுப் பிரிவுக்கு முயலலாம். ஆறு மாதத்தில் சவுண்ட் இன்ஜினியர் ஆக்குகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களின் வாசலைக்கூட மிதிக்காதீர்கள்.

முதல் சில வருடம் வருமானம் ஒழுங்காக வராது. டப்பிங், மிக்சிங் ஸ்டூடியோக்களில் உதவியாளராகத்தான் தொடங்க வேண்டியிருக்கும். அதற்கு அவன் தயார் என்கிறான். நீங்களும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், அந்த 24 பிட் மூலக் கோப்புகளை இடம் பற்றவில்லை என்று அவன் அழித்துவிடாமல் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுங்கள். இந்த வருடம் நீங்கள் செய்ய வேண்டிய செலவு அவ்வளவுதான்.